‘கவர்’ எந்த வீட்டுச் சொல்?

புதுவைப் பெரிய மார்க்கெட்டில் ஒரு நாளில் மிகுதியாக ஒலிக்கும் ஆங்கிலச் சொல் எது என்று நம்மை வினவினால், தயக்கமின்றிக் ‘கவர்’ என்போம். நேரு வீதிப் பக்கம் உள்ளே நுழைந்து ரங்கப்பிள்ளை வீதிப் பக்கம் வெளியே வருவதற்குள் அச்சொல்லைப் பத்து முறையேனும் கேட்டுவிடலாம். பூ விற்கும் அம்மையார் ‘கவர் இருக்கா?’ என்கிறார். மீன் அரியும் அம்மையார் ‘கவர் கொண்டாரலியா?’ என்று கடிந்துகொள்கிறார். பாலித்தீன் பை கவர். கடிதம் இடும் உறை கவர். தலையணைக்கு மாட்டுவது கவர். பள்ளிப் பிள்ளைகளின் புத்தகத்துக்குப் போடும் பழுப்புத் தாளும் கவர். சில அலுவலகங்களில் மேசைக்கு அடியில் கைமாறுவதற்கும் அதுவே பெயர். மூடு, போர்த்து, காப்பிடு என்னும் பொருளில் ஆங்கிலேயர் வழங்கிய வினைச்சொல் ஒன்று, நம் ஊரில் பெயர்ச்சொல்லாகிக் குடியேறிக் கொழுத்திருக்கிறது. அதில் நமக்கு வருத்தம் இல்லை. குடியேறிய சொல்லுக்குப் பொய்யான பரம்பரை எழுதிக் கொடுக்கிறார்களே, அதுதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

இச்சொல்லின் பிறப்பைப் பற்றி இரண்டு கதைகள் உலவுகின்றன. முதற்கதை நம்மவருடையது. அறபியில் ‘கஃபர’ என்றால் மூடினான், மறைத்தான் என்று பொருள். உண்மையை மூடி மறைப்பவன் காஃபிர். இந்தக் ‘கஃபர’வைத்தான் ஆங்கிலேயன் எடுத்துக் ‘கவர்’ ஆக்கிக்கொண்டான் என்பது கதை. வெள்ளிக்கிழமைப் பயான்களில் இதனைக் கேட்டிருக்கிறோம். மீலாது மேடைகளில் கேட்டிருக்கிறோம். சொல்லி முடித்ததும் அவையில் ‘சுப்ஹானல்லாஹ்’ என்னும் முழக்கம் எழுவதையும் கேட்டிருக்கிறோம். இரண்டாம் கதை தமிழ்ப் பற்றாளருடையது. ‘கவி’ என்றால் வளைந்து மூடுதல். குடைக்குக் கவிகை என்று பெயர். ஆதலால் ‘கவர்’ தமிழ் வீட்டுப் பெண், கடல் கடந்து வாழ்க்கைப்பட்டாள் என்பார்கள். அங்கே எழுவது கைத்தட்டல்.

இரு கதைகளும் பொய். பொய் என்று நாம் கடுமையாகச் சொல்வது, சொன்னவர்களின் எண்ணத்தை ஐயுற்று அன்று. எண்ணம் நல்லதாகவே இருக்கலாம். ஆயின், நல்லெண்ணத்தோடு நிறுத்த தராசில் எடைக்கல் கூடிவிடுவதில்லை.

மெய்யான வழியைக் கண்டறிய நாம் நூலகத்துக்குக்கூடப் போகவேண்டியதில்லை. புதுவை அதற்கு வாய்ப்பான ஊர். மார்க்கெட்டை ஒட்டிய தேநீர்க் கடையொன்றில், அஸர் தொழுகைக்குப் பிறகு, இளைஞர் ஒருவர் இந்தக் ‘கஃபர’ கதையை மிக்க உவகையோடு எடுத்துரைத்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வூதியம் பெறும் பெரியவர் ஒருவரும் அங்கிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றுதான் சொன்னார்: “தம்பீ, கடைக் கதவுல ‘ஊவேர்’னு பலகை தொங்குதே, பார்த்திருக்கியா? திறந்திருக்குன்னு அர்த்தம். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு எழுத்தைச் சேர். ‘கூவேர்’. மூடியிருக்குன்னு ஆயிடும். உன் கவர் அங்கேருந்துதான் வந்தது.” இளைஞர் வாயடைத்துப் போனார். நாமும் அன்றுதான் அவ்விணையின் அழகை உணர்ந்தோம்.

பெரியவர் விட்ட இடத்திலிருந்து நாம் தொடர்கிறோம். லத்தீன் மொழியில் ‘ஓபெரீரே’ என்றால் மூடுதல். அதன் எதிர்ச்சொல் ‘அபெரீரே’, திறத்தல். இவ்விரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ‘ஓபெரீரே’ என்பதற்கு முன்னால் ‘கோ’ என்னும் முன்னொட்டைச் சேர்த்து, முற்றாக மூடுதல் என்னும் அழுத்தமான பொருளில் ‘கோஓபெரீரே’ என்று வழங்கினர். கி.மு. 43இல் கொல்லப்பட்ட ரோமானியச் சொற்பொழிவாளர் சிசரோவின் எழுத்திலேயே இச்சொல் உண்டு. நாளடைவில் பேச்சு வழக்கில் அது ‘கோபெரீரே’ எனக் குறுகிற்று. பிரெஞ்சு நிலத்தில் அது ‘கூவ்ரீர்’ ஆயிற்று. பகரம் எவ்வாறு வகரமாயிற்று என்று கேட்கலாம். புதுவையில் பழைய பிறப்புச் சான்றிதழ் வைத்திருப்போர் பெட்டியைத் திறந்து பார்க்கட்டும். லத்தீனின் ‘அப்ரீலிஸ்’ மாதம் அதில் ‘அவ்ரீல்’ என்று இருக்கும். லத்தீனில் ஆடு ‘கப்ரா’, பிரெஞ்சில் ‘ஷேவ்ர்’. ஒரு சொல்லில் நேர்ந்த விபத்தன்று இது, அம்மொழியின் நடைமுறை. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபோது அவர்தம் பிரெஞ்சும் உடன் சென்றது. அவர்கள் வழியாகவே ‘கூவ்ரீர்’ ஆங்கிலத்தில் நுழைந்து ‘கவர்’ ஆயிற்று.

அதற்கு முன் ஆங்கிலேயர் மூடாமலா இருந்தனர்? அவர்களுக்கும் சொந்தச் சொற்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று ‘தெக்கன்’. வந்த சொல் அரண்மனைச் சொல் ஆதலால், இருந்த சொல் கூரைமேல் ஏறிக்கொண்டது. இன்று ஆங்கிலத்தில் ‘தாட்ச்’ என்றால் கூரை வேய்தல் மட்டுமே. நம் ‘வேய்’ என்னும் சொல்லுக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ இதுவே. முடியும் கண்ணியும் வேய்ந்த காலம் போய், இப்போது குடிசை மட்டும் வேய்கிறோம்.

இனி, நம் நண்பர்களின் கூற்றை இதனோடு ஒப்புநோக்குவோம். அறபியில் ‘கஃபர’ என்பதற்கு வேரெழுத்துகள் மூன்று: காஃப், ஃபா, ரா. மூன்றில் எதை நீக்கினாலும் சொல் செத்துவிடும். ‘கவர்’ என்பதில் உள்ள ககரமோ வேரெழுத்தே அன்று. வெளியிலிருந்து ஒட்டவைத்த முன்னொட்டு. அதனைக் கழற்றி வைத்துவிட்டாலும் ‘ஓபெரீரே’ என்னும் சொல் மூடுதல் என்னும் பொருளோடு உயிருடன் நிற்கிறது. அப்படியிருக்க, ஒட்டுப்போட்ட எழுத்தை வைத்து உறவு கொண்டாடுவது எங்ஙனம்? அடுத்த வீட்டுக்காரர் நம் சட்டையைப் போன்ற சட்டை அணிந்திருக்கிறார் என்பதற்காக அவரை ஒன்றுவிட்ட தம்பி என்று சொத்துப் பத்திரத்தில் எழுதிவிட முடியுமா?

காலக்கணக்கும் ஒத்துவரவில்லை. அறபுச் சொற்கள் ஐரோப்பாவுக்குள் பெருவாரியாகப் புகுந்தது 711இல் முஸ்லிம்கள் அந்தலூஸியாவில் காலூன்றிய பிறகு. சிசிலியின் வழியாகவும் புகுந்தன. சிசரோவோ அதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்தியவர். அறபியின் உடன்பிறப்பான ஹீப்ரூவிலும் இந்த வேர் உண்டே, அது பழைமையானதாயிற்றே என்று சிலர் மறுமொழி கூறக்கூடும். பழைமை பற்றி நமக்கு மறுப்பில்லை. எனினும் அந்த முன்னொட்டு அங்கேயும் வந்து குறுக்கே நிற்கும்.

தமிழ்க் கதைக்கு இத்துணை நேரம் வேண்டா. ‘கவி’ என்பதிலும் ககரம் வேரோடு பிறந்தது. ஆகவே அவ்வழியும் அடைபடுகிறது. ‘கவர்’ என்றே ஒரு தமிழ் வினை உண்டென்பது மெய்தான். அதற்குப் பற்றிக்கொள்ளுதல், பறித்தல் என்று பொருள். கள்வர் பொருளைக் கவர்வர். பொருளை உறையிட்டுக் காப்பவர் கள்வர் அல்லர். இந்திய மண்ணில் இந்த ஆங்கிலச் சொல்லுக்கு உறவு தேடியே தீரவேண்டும் என்றால், மொழிநூலார் வேறொரு வீட்டைக் காட்டுகின்றனர். ‘ஓபெரீரே’ என்பதன் உள்ளே இருக்கும் பழைய வேரும், வடமொழியில் ‘ஆவரணம்’ என்பதில் உள்ள ‘வ்ரு’ என்னும் வேரும் ஒன்றே என்பது அவர்கள் துணிபு. இதைக் கேட்டு நம் இரு சாரார்க்கும் மகிழ்ச்சி உண்டாகாது. மகிழ்ச்சிக்காக வேர் தேடுவது மொழிநூல் ஆகாது.

ஒலி ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர் எங்கே போய் விழுவார் என்பதற்கு ஆங்கிலத்துக்குள்ளேயே சான்று உண்டு. ‘டிஸ்கவர்’ என்பது ‘கவர்’ வீட்டுப் பிள்ளை; மூடியதைத் திறந்து காணுதல். ‘ரெக்கவர்’ என்பதும் அப்படித்தானே தோன்றுகிறது? இல்லை. அது மீளப் பெறுதல் என்னும் பொருளுடைய ‘ரெகுபெராரே’ என்ற வேறொரு லத்தீன் சொல்லின் வழி வந்தது. ஆனால் உருவத்தால் சற்றும் ஒவ்வாத ‘கர்சீப்’ இந்த வீட்டுப் பிள்ளை! ‘கூவ்ர்-ஷேஃப்’, தலையை மூடுவது. நம் வீட்டுப் பெண்டிரின் முக்காடுதான் அதன் முதற்பொருள். கைக்கு இறங்கி, இன்று சட்டைப்பையில் கசங்கிக் கிடக்கிறது. ‘கர்ஃபியூ’வும் அவ்வீட்டதே. ‘கூவ்ர்-ஃபூ’, நெருப்பை மூடு. இரவில் மணி அடித்ததும் அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடிவிட்டுப் படுக்க வேண்டும் என்பது அக்காலத்து ஆணை. 2020 அக்டோபரில் பெருந்தொற்றின்போது பாரிஸில் இரவு ஊரடங்கு அறிவித்தபோது பிரெஞ்சு அரசு வழங்கிய சொல்லும் இதுவே. புதுவையில் உறவினரைக் கொண்ட எத்தனை குடும்பங்கள் அச்சொல்லைத் தொலைபேசியில் கேட்டிருக்கும்! அடுப்பு அணைப்பதற்கும் ஊர் அடங்குவதற்கும் உள்ள இந்த உறவு, எந்தக் கட்டுக்கதையினும் சுவையுடையது.

‘காஃபின்’ என்னும் சவப்பெட்டியும் நம் ‘கஃபன்’ துணியிலிருந்து வந்ததாகச் சொல்வார் உளர். அது கிரேக்கத்தில் கூடை என்று பொருள்படும் ‘கோஃபினோஸ்’ என்பதிலிருந்து வந்தது. மையித்துக்கு உடுத்தும் துணிக்கும் கூடைக்கும் தொடர்பில்லை. அதை இத்துடன் விடுவோம்.

இந்த இடத்தில் நம் நண்பர்கள் கேட்பது நமக்கு முன்கூட்டியே தெரியும். “இதனால் யாருக்கு என்ன கேடு? மார்க்கத்தின்மேல் பற்று வளர ஒரு சொல் உதவினால் உதவிவிட்டுப் போகட்டுமே?” என்பார்கள். கேடு உண்டு. ஒன்றன்று, இரண்டு.

முதலாவது, ‘குஃப்ர்’ என்னும் சொல்லுக்கு மூடுதல் என்பது மூலப்பொருள் என்பது முழு உண்மை. அதனை நிறுவ நம் இமாம்களுக்கு ஆங்கிலேயரின் துணை வேண்டியிருக்கவில்லை. ராகிப் அல்-இஸ்ஃபஹானீ தம் அகராதியில் இப்பொருளைத் தெளிவாக விளக்கியிருக்கிறார். ஹிஜ்ரீ 711இல் மறைந்த இப்னு மன்ளூரின் ‘லிஸானுல் அறப்’ பக்கம் பக்கமாக விரித்துரைக்கிறது. இரவுக்குக் காஃபிர் என்று பெயர், பொருள்களை இருளால் மூடுவதால். உழவனுக்குக் காஃபிர் என்று பெயர், விதையை மண்ணால் மூடுவதால். திருக்குர்ஆனின் 57ஆம் அத்தியாயமான ஸூறத்துல் ஹதீதில் 20ஆம் ஆயத்தில், மழையால் செழித்த பயிரைக் கண்டு களிப்போராகக் ‘குஃப்பார்’ வருகின்றனர். அங்கே உழவர் என்றே விரிவுரையாளர் பலரும் பொருள் கொண்டுள்ளனர். பாகூரிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் காய்கறி கொண்டுவந்து பெரிய மார்க்கெட்டில் இறக்கும் குடியானவர் அனைவரும், எம்மதத்தினராயினும், இந்தப் பழைய அறபுப் பொருளில் ‘குஃப்பார்’தாம். இத்துணை ஆழமும் அகலமும் உள்ள ஒரு வேர்ச்சொல்லை, ஒலிபெருக்கியில் சிரிப்பு வருவிக்கும் துணுக்காக்கி, அருகில் கடை வைத்திருக்கும் பிற சமயத்தாரின் காதில் விழும்படி வீசுவதில் என்ன பற்று வளர்கிறது? மேலும், அந்தத் துணுக்கை நம்பிய கல்லூரி மாணவன் ஒருநாள் நல்லதோர் ஆங்கில அகராதியைப் புரட்டுகிறான். மேடையில் சொன்னது பொய் என்று காண்கிறான். அதே மேடையில் அன்று சொன்ன மெய்களையும் சேர்த்தே அவன் ஐயுறுகிறான். இது நாம் கண்டறிந்த அனுபவம்.

இரண்டாவது கேடு இதனினும் பெரிது. ‘கஃபர’ என்னும் வேரின் மெய்யான வழித்தோன்றல் ஒன்று புதுவைக்கு வந்திருக்கிறது. அது ‘கவர்’ அன்று, ‘காப்பிரி’.

கிழக்காப்பிரிக்கக் கரையில் வாணிகம் செய்த அறபு மாலுமிகள், அங்கே இஸ்லாத்தைத் தழுவாதிருந்த கருநிற மக்களைக் காஃபிர் என்றனர். பின்னால் வந்த போர்த்துக்கீசியர் அதனைக் ‘காஃப்ரே’ ஆக்கி, சமயப் பொருளை உதிர்த்துவிட்டு, நிறத்துக்குப் பெயராக்கினர். மனிதர்களை அப்பெயரால் பிடித்தனர், அப்பெயரால் விற்றனர். பிரெஞ்சுக்காரரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அச்சொல்லையும் அத்தொழிலையும் சேர்த்தே எடுத்துக்கொண்டனர். தமிழில் அது காப்பிரி, காப்பிலி என்றாயிற்று. பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இன்றும் நிற்கும் மாளிகைக்கு உரியவரான ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் பிரெஞ்சுக் கும்பினியின் ஆப்பிரிக்கப் படையாட்கள் வருகின்றனர். கடல் கடந்து கொண்டுவரப்பட்டு, பிறருடைய போரில், பிறருடைய கோட்டைக்காக மாண்டவர்கள் அவர்கள். அவர்களுக்கு இந்த ஊரில் வழங்கிய பெயர் நம் தூய அறபு வேரிலிருந்து வந்தது.

இலங்கையில் புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் அம்மரபினர் சிலர் இன்றும் வாழ்கின்றனர். காப்பிரியர் என்றே அறியப்படுகின்றனர். ரெயூனியன் தீவில் 1848இல் அடிமைமுறை ஒழிந்தது. அங்கே விடுதலை பெற்றோரின் வழியினர் ‘காஃப்’ என்னும் பெயரை இழிவாகக் கொள்ளாமல், ஆண்டுதோறும் டிசம்பர் 20ஆம் நாளைத் தம் விழாவாகக் கொண்டாடுகின்றனர். அவர்கள் விட்டுச்சென்ற கரும்புத் தோட்டங்களில் உழைக்கப் புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பலேறிய தமிழர் எத்தனை ஆயிரம்! (அத்தீவில் குடியேறிய குசராத்தி முஸ்லிம்களை ஊரார் ‘ஸராப்’, அதாவது அறபியர், என்று அழைக்கின்றனர். ஒருவரும் அறபியர் அல்லர். பெயர்கள் இப்படித்தான் மாந்தர்மீது வந்து ஒட்டிக்கொள்கின்றன.) தென்னாப்பிரிக்காவிலோ அதே சொல் கொடிய வசையாயிற்று. அங்கே காவலர்மீது இவ்வசையைத் திரும்பத் திரும்ப வீசிய பெண்மணி ஒருவருக்கு 2018இல் நீதிமன்றம் சிறைத்தண்டனையே விதித்தது.

‘கஃபர’ புதுவைக்கு வந்த மெய்யான பாதை இதுவே. இதில் அறபு மாலுமிக்குப் பங்குண்டு. ஐரோப்பிய அடிமை வணிகனுக்குப் பெரும்பங்குண்டு. அப்பெயரை வாங்கி வழங்கிய தமிழனுக்கும் உண்டு. இப்பாதையை எந்த மேடையிலும் எவரும் சொல்லி நாம் கேட்டதில்லை. இதைச் சொன்னால் முழக்கம் எழாது. எனவே, நடந்ததை ஒளித்துவிட்டு நடவாததை எடுத்து மாலை சூட்டுகிறோம். உள்ளதன்மேல் மண்ணைத் தள்ளி மூடுவதற்கு அறபியில் என்ன சொல் என்பதை நண்பர்களே மேலே சொல்லிவிட்டார்கள்.

நம் முன்னோர் இப்படியா நடந்துகொண்டனர்? 12ஆம் நூற்றாண்டுப் பக்தாதில் வாழ்ந்த அல்-ஜவாலீகீ, அறபியில் வந்து கலந்த பிறமொழிச் சொற்களைத் தொகுத்து ஒரு தனி நூலே இயற்றினார். திருமறையில் பிறமொழிச் சொல் உண்டா என்னும் வினா எழுந்தபோது, இல்லை என்று இமாம் ஷாஃபிஈ வாதிட்டார். அடியில் பிறமொழியாக இருந்து அறபியரின் நாவில் புழங்கி அறபியாகிவிட்டவை அவை என்று அபூ உபைத் அல்-காஸிம் சமன் செய்தார். 1505இல் மறைந்த இமாம் ஸுயூத்தீ அத்தகைய சொற்களை ஒவ்வொன்றாகத் திரட்டி வைத்தார். அவர் திரட்டில் ‘ஸிராத்’ என்னும் சொல்லும் இருக்கிறது. அது ரூமானிய மொழியில் பாதை என்று பொருள்படும் சொல் என்று முன்னோர் சிலர் உரைத்ததை அவர் மறைக்காமல் குறித்திருக்கிறார். ஸிராத்! ஒவ்வொரு தொழுகையிலும், ஒவ்வொரு ரக்அத்திலும் ஓதும் ஃபாத்திஹாவில் உள்ள சொல்! அதைக் குறித்தெழுதியதால் அந்த இமாமின் ஈமான் குறைந்துபோயிற்றா? ரூமானியரிடமிருந்து வந்ததாகச் சொல்லப்பட்டதை அவர் ஏட்டில் எழுதி வைத்தார். நாமோ, ரூமானியரின் சொல்லையே நமதென்று உரிமை கொண்டாடுகிறோம்.

தமிழ் அன்பர்களுக்கும் இதே மறுமொழிதான். தொல்காப்பியர் எச்சவியலில் சொற்களை வகைப்படுத்துகையில் இயற்சொல்லோடும் திரிசொல்லோடும் திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் தனி இருக்கை இட்டார். வந்ததை வந்தது என்று சொல்ல அவர் நாணவில்லை.

உண்மையான கொடைகள் இல்லாமலா போயின, இந்தப் பொய்யைத் தேடி அலைவதற்கு? மார்க்கெட்டைச் சுற்றிப் பழைய கடைகளின் முகப்பில் பிரெஞ்சு எழுத்தில் ‘மகஸேன்’ என்று காணலாம். கடை என்று பொருள். அறபியில் சரக்கறைக்கு ‘மக்ஸன்’, பன்மையில் ‘மகாஸின்’. அந்த அறபுச் சொல்லே அங்கே நிற்கிறது. 1731இல் இலண்டனில் ஓர் இதழ், பல பொருள்களும் அடங்கிய சரக்கறை என்னும் கருத்தில் ‘மாகசின்’ என்று தனக்குப் பெயரிட்டுக்கொண்டது. பின்னர் இதழ்களுக்கெல்லாம் அதுவே பெயராயிற்று. அன்பர் கையில் இப்போது விரித்திருக்கும் இந்த ஏடும் ஒரு மாகசின்தான். இதனை எந்தப் பயானிலாவது கேட்டதுண்டா? ‘டாரிஃப்’ என்னும் கட்டண விகிதம் ‘தஃரீஃப்’, அறிவித்தல். பருத்தி ஆங்கிலத்தில் ‘காட்டன்’ ஆனது ‘குத்ன்’ என்னும் அறபுச் சொல்லால். வெளிநாட்டுக்குப் போவானேன்? மார்க்கெட்டில் அடிக்காசு ‘வசூல்’ ஆகிறது, நேற்றைய ‘பாக்கி’ நிற்கிறது, ‘அசல்’ கேட்கிறார்கள். மூன்றும் அறபு. மீன்கூடைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் அம்மையார் எந்த மதறஸாவிலும் ஓதாமலே நாளொன்றுக்கு நூறு முறை அறபு பேசுகிறார். தமிழ் கொடுத்ததும் அங்கேயே மணக்கிறது: வெட்டிவேர். பிரெஞ்சுக்காரர் அதைச் சிறிதும் மாற்றாமல் ‘வெத்திவேர்’ என்று கொண்டுபோயினர். அவர் வழியாக உலகமெங்கும் அத்தர்க் கடைகளில் அதுவே பெயர். ‘சுருட்டு’ம் ‘கட்டுமர’மும் அப்படியே போயின. இவ்வளவு நல்ல சரக்கை வீட்டில் வைத்துக்கொண்டு, அடுத்தவன் கூடையில் கைவைப்பானேன்?

இதற்கிடையில், மூடுதலுக்கும் காத்தலுக்கும் நம்மிடம் இருந்த சொற்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவுகின்றன. அதைப் பற்றிக் கவலை கொள்வாரைக் காணோம். வாள் இருந்தது உறையில்; தலையணைக்கு உறை; தபாலுக்கு உறை; கிணற்றுக்கும் உறை. ஒரே சொல், எத்தனை பணி! இன்று அத்தனை வேலையையும் ‘கவர்’ பறித்துக்கொண்டது. நம் வீட்டு மூதாட்டியர் வெளியே செல்லும்போது போர்த்திய வெள்ளைத் துப்பட்டி எத்தனை முழம், எப்படி மடித்துப் போர்த்துவர், அதன் ஓரத்துக்கு என்ன பெயர் என்று கேட்டால் பேத்திகளுக்குத் தெரியவில்லை. மேலாப்பு, முக்காடு, குப்பாயம் என்ற சொற்களின் வழக்காறு காரைக்காலில் ஒருவிதம், புதுவையில் ஒருவிதம், கடலூர்ப் பக்கம் வேறொருவிதம். அறபுத் தமிழில் எழுதிய பழைய ஏடுகள் சில வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. வெள்ளையடிக்கும்போது ஏதோ ஒரு மூட்டையோடு வெளியே போய்விடுகின்றன. இந்த ஊர் முஸ்லிம்கள் பிரெஞ்சுக்காரருடன் பழகி, சைகோனுக்குப் போய் வாணிகம் செய்து, அங்கிருந்து கொண்டுவந்த சொற்கள் எத்தனையோ அடுக்களைகளில் புழங்கின. அவற்றைச் சொல்லத் தெரிந்தவர்கள் இப்போது எண்பதைக் கடந்தவர்கள். ‘கஃபர’ கதையைச் சொல்ல ஒரு மேடைக்கு ஆகும் நேரத்தில், இத்தகைய ஒரு மூதாட்டியின் பக்கத்தில் தாளும் எழுதுகோலுமாக அமர்ந்தால் இருபது சொற்களைக் காப்பாற்றிவிடலாம்.

நாம் ஒருநாள் அவ்வாறு செய்து பார்த்தோம். மூதாட்டியின் வீட்டில் அன்று, மார்க்கெட்டிலேயே. பூக்கடை வரிசையில் நெடுங்காலமாக அமர்ந்திருக்கும் அம்மையார் ஒருவரிடம், “அம்மா, இந்தக் கவர் வருவதற்கு முன்னே பூவை எதில் கட்டிக் கொடுத்தீர்கள்?” என்று கேட்டோம். அவர் கைவேலையை நிறுத்தாமல் பதிலுரைத்தார்: “வாழையிலைதான். ஈரத்துல நனைச்சு, நாரால கட்டினா நாளைக்கு வரைக்கும் வாடாது. மீனுக்குப் பனவோலைப் பை. அவசரத்துக்கு முந்தானையில ஏந்திக்குவாங்க.” அதற்கு என்ன பெயர் சொல்வீர்கள் என்று வினவினோம். “எதுக்கு?” என்றார். பூவைச் சுற்றிக் கட்டிய இலைக்கு என்றோம். சற்று நினைத்துப் பார்த்தார். “பொதின்னு சொல்லுவோம். ஒரு பொதி மல்லி, ரெண்டு பொதி மல்லி. இப்ப யாரு சொல்றா?” என்று கூறிவிட்டு, நாம் வாங்கிய கதம்பத்தை எடுத்து, கவர் இருக்கிறதா என்று கேட்டார்.